பன்னிரண்டு மெசின்களும் ஒரு கைலேஞ்சியும்

சனிக்கிழமை விடிந்தபோது மெற்றில்டாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள்.

வேலையில் அவளுடைய ஆறு மாதப் பரீட்சைக் காலம் அன்றோடு முடிகிறது. கோட்டையில் உள்ள தையல் மெசின் கொம்பனியில், வீடு வீடாகப் போய் மெசினை ஓட்டிக் காட்டும் வேலை அவளுக்கு. அதற்கு அந்தக் கொம்பனி ஒரு பெண்ணை எடுத்தது இதுதான் முதல் தடவை. போன கிழமை மனேஜர் துரை அவளைக் கூப்பிட்டு, இரண்டே வாக்கியத்தில் விஷயத்தை முடித்ததை நாம் பார்த்தோம். வெள்ளவத்தையில் ஒரு பெரிய வீட்டின் ஓடர் கிடைத்தால் அவள் நிரந்தரம். கிடைக்காவிட்டால் அந்தப் பதவியே இல்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா பிறிஜெற் மகளின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். கரிப்பெட்டியின் சூட்டில் அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"நான் சொன்ன சொல்லில நிப்பன், மெற்றில்டா. வேலை நிரந்தரமெண்டா ஒரு வருஷத்துக்குச் சிலாபத்துச் சம்பந்தப் பேச்சை எடுக்கமாட்டன். இல்லையெண்டா நாளைக்குப் பூசை முடிய அவையள் வருவினம். நீ தேத்தண்ணி கொண்டுவந்து குடுப்பாய்."

"தேத்தண்ணி குடுக்கிறது பெரிய காரியமில்லை அம்மா. அதுக்குப் பிறகு சிலாபத்தில போய் இருக்கிறதுதான்."

"அந்த மனுசன் நல்ல மனுசன்."

"நான் அவரைக் கெட்ட மனுசன் எண்டு சொன்னனானா? கலியாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாதெண்டு சொல்லியனுப்பினவர். அவ்வளவுதான்."

அம்மா சட்டையின் கழுத்துப்பட்டியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

அண்ணன் ஹெக்டர் வாசலில் நின்று செருப்புக்குப் பட்டி போட்டுக்கொண்டிருந்தான். அதே கொம்பனியில் ஆறு வருடமாக விற்பனையாளன். தங்கச்சிக்காகத் துரையிடம் வாக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

"புத்தகத்தை எடுத்தனியே?" என்று கேட்டான்.

"எடுத்தனான்."

"துரை சிவப்பு மையால கோடு போட்ட இடம் ஒண்டையும் மாத்தாதே. உன்ர கெட்டித்தனத்தை இண்டைக்குப் பெட்டிக்குள்ள வை."

அது லண்டனிலிருந்து வந்த சின்னப் புத்தகம். ஆட்களுக்கு முன்னால் மெசினைக் காட்டிப் பேசுவது எப்படி என்று எழுதியிருந்தது. எழுந்து நின்று பேசு. இருப்பவர்களில் முக்கியமானவள் யாரென்று கண்டுபிடி. அவளுடைய கண்ணைப் பார். பெயரைச் சொல். அவளுடைய பெயரையே ஒரு துணியில் தைத்து, வாங்கப்போகிறவரின் கையில் கொடு.

கடைசியில் சொன்னது மெற்றில்டாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொட்டாஞ்சேனைக் கோயிலில் முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளில் ஒவ்வொருத்திக்கும் ஒரு கைலேஞ்சி, அந்தச் சின்னக் கைக்குட்டையில் அவளுடைய பெயர். இதுவரை இருநூறு லேஞ்சியாவது தைத்திருப்பாள்.

---

தாஸிம் ஹாஜியாரின் வீடு காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. புறக்கோட்டையில் பெரிய புடைவைக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்னாலுள்ள கட்டடத்தில் கலியாணமாகாத குமர்ப் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்புத் தொடங்க நினைத்திருந்தார். அதற்குப் பன்னிரண்டு மெசின்கள் வேண்டும். ஒரே ஓடரில் பன்னிரண்டு என்றால் துரையே தன் காரில் வந்து இறங்குவார். இறங்கினார்.

வெளி விறாந்தையில் பிரம்புக் கதிரைகள். ஹாஜியாரின் மகன் புவாத் துரைக்கு ஆங்கிலத்தில் வரவேற்புச் சொன்னான். சட்டம் படிப்பவன், அடக்கமான குரல். ஹாஜியாருக்குத் தமிழும் சிங்களமும் ஹிந்துஸ்தானியும் நன்றாக வரும், ஆங்கிலம் வராது. துரைக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும். 'சரி', 'போ', 'கெதியாய்'. ஆகவே நடுவில் ஹெக்டர் உட்கார்ந்தான்.

உள்ளே போகும் வாசலில் கனத்த பச்சைத் திரை. அதற்குள்ளே போகக்கூடியவள் மெற்றில்டா மட்டும்தான்.

திரைக்கு உள்ளே பதினைந்து பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கைமெசின் மேசை மேல் ஏற்கெனவே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மெற்றில்டா எழுந்து நின்று, சிவப்புக் கோட்டின்படி தொடங்கினாள்.

"மதிப்புக்குரிய சீமாட்டிகளே! இன்று உங்கள் முன் வைக்கப்படும் இயந்திரம்..."

யாரும் அசையவில்லை. ஒருத்தி கைக்குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். இன்னொருத்தி மெற்றில்டாவின் காலைப் பார்த்தாள்.

"உங்களில் தைக்கத் தெரிந்தவர் யார்?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆகவே யாரும் எதுவும் சொல்லவில்லை.

 திரைக்கு அப்பால் துரை தொண்டையைக் கனைப்பது கேட்டது. புத்தகத்தில் பதினெட்டு நிமிடப் பேச்சு இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் அவள் கவனித்தாள். பாயில் இருப்பவர்களுக்கு மேசையின் அடிப்பக்கம்தான் தெரிகிறது. ஊசி தெரியவில்லை. நிற்கிற தானும் அவர்களுக்குப் பாடம் சொல்லும் கன்னியாஸ்திரியைப் போலத்தான் தெரிவாள்.

புத்தகத்தை மூடினாள். மெசினை இரண்டு கையாலும் தூக்கிப் பாயில் இறக்கினாள். தானும் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"கிழிஞ்சது ஏதும் இருந்தாத் தாங்கோவன்," என்றாள்.

ஒரு சிரிப்பு. ஹாஜியாரின் மகள் ஷபீகா உள்ளே ஓடிப்போய் ஒரு சின்னக் கால்சட்டையைக் கொண்டுவந்தாள். "இதெ மூணு தரம் தச்சாச்சி. எங்கட சின்னவன் குந்துற இடத்துலயெல்லாம் கிழிச்சிட்டு வாரான்."

பின்பக்கம் தைத்து முடிக்க ஒரு நிமிடம் போகவில்லை. அந்தப் பையனின் தாய் அதை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். "அல்லாவே, கயிறு மாதிரிக் கெட்டியா ஈக்கி!"

அதோடு வட்டம் நெருங்கியது. ஒருத்தி சக்கரத்தைச் சுற்றினாள். ஒருத்தி நூல் கோக்கிற வழியைக் கேட்டாள். "வேகமாச் சுத்தினா கையெத் தச்சிடாதா?" என்று ஒரு கிழவி கேட்க, "ஒங்கட வாயெத் தச்சாலும் ஊட்டுக்கு நல்லம் மாமி," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நடுவிலிருந்த அம்மாகூடச் சிரித்தாள்.

அவள்தான் வீட்டுக்கு மூத்தவள். மெற்றில்டாவுக்கு இப்போது தைரியம் வந்திருந்தது. அந்தத் தைரியம்தான் வினையாயிற்று.

"அம்மாவின்ர பேர் என்ன?" என்று ஷபீகாவின் காதில் கேட்டாள்.

ஷபீகா வெட்கப்பட்டுக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

வெள்ளைக் கைலேஞ்சியை வளையத்தில் மாட்டினாள் மெற்றில்டா. சிவப்பு நூல். துணியை விரலால் நகர்த்தி நகர்த்தி, ஊசியால் எழுதுவதுபோல் எழுதினாள். சுற்றிவர ஒரு பூக்கொடி. எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

திரை ஓரத்தில் ஹெக்டரின் கை நீண்டது. காலையில் பேசிக்கொண்ட ஏற்பாடு அது. முடித்த வேலை வாங்குகிறவர் கைக்குப் போகவேண்டும். ஷபீகா "இரீங்க!" என்று சொல்வதற்குள் மெற்றில்டா கைலேஞ்சியை அவன் கையில் வைத்துவிட்டாள்.

வெளியே ஹெக்டரின் குரல் கணீரென்று கேட்டது. "இதோ பாருங்கோ ஹாஜியார்! ஐந்தே நிமிஷத்தில! 'ஹமீமா!' எழுத்து எவ்வளவு துப்புரவாய் விழுந்திருக்குது எண்டு..."

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

திரைக்கு உள்ளே ஒவ்வொருத்தியாக முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். வெளியே ஒரு கதிரை நிலத்தில் உராய்ந்தது.

ஷபீகா மெற்றில்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.  "பேரெ என்னத்துக்கு வெளிய குடுத்தீங்க? வாப்பாகூட வெளி ஆக்களுக்கு முன்னால உம்மாட பேரச் சொல்ல மாட்டார். புவாத்ட உம்மா எண்டுதான் சொல்லுவார். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அப்பிடித்தான்."

"எனக்குத் தெரியாது," என்றாள் மெற்றில்டா.  "சத்தியமா எனக்குத் தெரியாது."

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மௌனத்தை அவர் பாராட்டென்று எடுத்துக்கொண்டார். "மிக நன்று, ஸ்ரனிஸ்லாஸ்! இப்போது அவருடைய பெயரையும் தைத்துத் தரட்டுமா என்று கேள்," என்று ஹெக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹெக்டர் மொழிபெயர்க்கவில்லை.

"மெசினெக் கட்டுங்க," என்றார் ஹாஜியார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊடு தேடி வந்தவங்க. அதனால மரியாதையாச் சொல்றேன். கட்டிட்டுப் போங்க."

"ஹாஜியார், பிழை என்ரது..." என்று தொடங்கினான் ஹெக்டர்.

"வெளி ஆம்புளைகள் இருக்கிற எடத்துல எங்கட ஊட்டுப் பொம்புளைட பேர ஏலம் போடுற மாதிரிக் கூவினீங்க. இனி என்ன பேச்சு?"

மெற்றில்டா எழுந்தாள். மெசினின் மரமூடியை எடுத்தாள். மூடியின் கொளுவி பொருந்தவில்லை. நாளைக்குப் பூசை முடிய, தேத்தண்ணித் தட்டத்தோடு தான் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"அதெ வைங்க புள்ள."

அதுவரை ஒரு சொல்லும் சொல்லாதிருந்த ஹமீமா அம்மா பேசினாள். பிறகு திரைப் பக்கம் பாராமலே மகனைக் கூப்பிட்டாள். "புவாத், இங்க வாங்க மகன்."

மெற்றில்டாவும் மற்றப் பெண்களும் ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். புவாத் திரை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அந்த லேஞ்சி என்டது. வாப்பாக்கிட்ட வாங்கிட்டு வாங்க."

அவன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதை மடியில் விரித்துப் பார்த்தாள். குர்ஆன் ஓதத் தெரிந்தவள். தமிழ் எழுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"இதுல என்ட பேர் எங்க ஈக்கி?"

மெற்றில்டா மண்டியிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினாள். ஹ. மீ. மா.

"மூணுதானா?" என்றாள் ஹமீமா. "இவ்வளவு சின்னப் பேரா என்டது?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் கைலேஞ்சியை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு மகனிடம் தாழ்ந்த குரலில், ஆனால் உள்ளே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வாப்பாக்கிட்ட சொல்லுங்க. அந்த ஆம்புளைகள் செஞ்சது பெரிய பிழைதான். அவர் கோவிச்சதும் சரிதான். ஆனா இந்தப் புள்ள தெரியாமச் செஞ்சிட்டா. பன்னெண்டு மெசினும் வேணும். இந்தப் புள்ளதான் வந்து எங்கட குமருகளுக்குக் காட்டிக் குடுக்கணும். வேற ஆரும் வரத் தேவல்ல."

புவாத் போனான். திரைக்கு அப்பால் தந்தையும் மகனும் மெல்லப் பேசினார்கள். கனநேரம் பேசினார்கள். துரை தன் பொக்கற் மணிக்கூட்டின் மூடியைத் திறந்து மூடும் சத்தம் இரண்டு தரம் கேட்டது.

கடைசியில் ஹாஜியார் சொன்னார். "சரி. எடுக்கிறோம். ஆனா இந்த ஆக்களோட நான் கடுதாசி எழுத மாட்டேன். அந்தப் புள்ள உள்ளுக்கே ஓடர எழுதட்டும். அவட பேர்ல. அவட கையொப்பத்தோட. நான் அதுக்குக் கீழ வைக்கிறேன்."

ஹெக்டர் அதைத் துரைக்கு ஒரு சொல்லும் விடாமல் சொன்னான். மெற்றில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கன்னியர் மடத்தில் படித்தவள். திரைக்கு அப்பால் பேசும் ஆங்கிலம் அவளுக்கு ஒவ்வொரு சொல்லாக விளங்கியது.

"முடியாது," என்றார் துரை. "கொம்பனிப் புத்தகத்தில் விற்பனையாளர்தான் கையொப்பமிடுவார். பரீட்சைக் காலத்தில் இருக்கும் ஒரு பெண் அல்ல. உன்னோடு பேச விருப்பமில்லையென்றால் என்னோடு பேசட்டும். விதி விதிதான். அவரிடம் சொல்."

மெற்றில்டா கண்ணை மூடினாள். முடிந்தது.

ஹெக்டர் கதிரையில் நேராக நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஹாஜியார்," என்றான் தமிழில். "துரைக்குச் சம்மதம். தங்கச்சியே எழுதட்டுமாம்."

மெற்றில்டா கண்ணைத் திறந்தாள்.

வெளியே ஒருவனுக்கு இரண்டு மொழியும் தெரியும். சட்டம் படிப்பவன். தன் தாயின் பெயரை இந்த ஹெக்டர் கூவியதைக் கேட்டுக்கொண்டு இருந்தவன். அவன் இப்போது ஒரு சொல் சொன்னால் போதும். ஓடரும் போகும், வேலையும் போகும், அண்ணனைப் பொய்யன் என்று வாசலுக்குத் தள்ளுவார்கள்.

திரைக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கைக் கோடியில் ரயில் ஒன்று கடலோரமாகப் போய் முடிந்தது. அதற்குப் பிறகும் சத்தமில்லை.

"ஓம் வாப்பா," என்றான் புவாத். "சம்மதம்தான்."

துரை சந்தேகத்தோடு கேட்டார். "இணங்கிவிட்டாரா?"

"என் தகப்பனாருக்குத் திருப்தி, ஐயா," என்றான் புவாத் ஆங்கிலத்தில். அதில் பொய் ஒன்றுமில்லை.

"உள்ளே பெண்கள் விலாசம் சொல்லவேண்டுமாம், சேர். தங்கச்சியிடம் புத்தகத்தைக் கொடுக்கிறேன்," என்றான் ஹெக்டர்.

ஓடர்ப் புத்தகம் திரைக்கு உள்ளே வந்தது. அதோடு ஹெக்டரின் பேனையும் வந்தது. மெற்றில்டா கார்பன் தாளைச் சரிபார்த்தாள். கைமெசின், பன்னிரண்டு. வெள்ளவத்தை விலாசம். கற்பிக்கும் நாட்கள், கிழமைக்கு இரண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினாள். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் பேனை நின்றது.

ஸ்ரனிஸ்லாஸ் என்று மட்டும் எழுதலாம். அது தகப்பனின் பெயர். அண்ணனும் அப்படித்தான் கையொப்பம் வைப்பான். துரை பார்த்தால் ஹெக்டர் என்று நினைப்பார். ஹாஜியார் பார்த்தால் அவள் என்று நினைப்பார். ஒருவருக்கும் குறையில்லை. எல்லாருக்கும் வேலை நடக்கும்.

'எஸ்' என்று தொடங்குவதற்குப் பேனையைத் தாளில் வைத்தாள்.

"எது ஒங்கட பேர்?" என்று கேட்டாள் ஹமீமா. அவள் தலையைக் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னம் எழுதல்லயா?"

"இல்லை."

"என்டதப் போலச் சின்னதா?"

மெற்றில்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பேனையைத் தூக்கி, கோட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

"இல்லையம்மா. கொஞ்சம் நீளம்," என்றாள்.

மெற்றில்டா ஸ்ரனிஸ்லாஸ். கார்பனில் நன்றாக விழவேண்டுமென்று அழுத்தி எழுதினாள்.

---

காலி வீதி முனையில் துரையின் கார் நின்றது. அவர் முன் ஆசனத்தில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"புத்தகம், ஸ்ரனிஸ்லாஸ்."

"திங்கட்கிழமை காலையில் மேசையில் வைக்கிறேன், சேர்."

"இப்போது."

ஹெக்டர் கொடுத்தான். துரை தாளைப் புரட்டினார். பன்னிரண்டு என்ற இலக்கத்தில் அவருடைய புருவம் உயர்ந்தது. பிறகு கண் கீழே, ஹாஜியாரின் கையொப்பத்துக்கு மேலிருந்த கோட்டுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. அவர் பொக்கற்றிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டை இரண்டாம் தரம் வாசித்தார். ஹெக்டரைப் பார்த்தார். மெற்றில்டாவைப் பார்த்தார். அவருடைய கழுத்து காதுவரை சிவந்தது.

"நான் என்ன சொல்லச் சொன்னேன், நீ என்ன சொன்னாய்?"

ஹெக்டர் மெசின் பெட்டியை நிலத்தில் இறக்கி வைத்தான்.

துரை புத்தகத்தைத் தன் கோட்டுக்குள் வைத்தார். "திங்கட்கிழமை, ஒன்பது மணி. இரண்டு பேரும்."

கார் கோட்டைப் பக்கம் போயிற்று. மெசின் பெட்டி இருவருக்கும் நடுவில் நடைபாதையில் இருந்தது. ஹெக்டர் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தான். மூன்று குச்சி அணைந்தது.

"ஏன் அண்ணா அப்பிடிச் சொன்னனீ?"

"நான் சொன்னது காத்தோட போயிருக்கும். நீதான் அதை மையால எழுதிப்போட்டாய். ஸ்ரனிஸ்லாஸ் எண்டு மட்டும் போட்டிருக்க ஏலாதே? உனக்குப் புத்தி வராமலா இருந்திருக்கும்?"

"வந்தது."

"பிறகு?"

"அந்த அம்மா பாத்துக்கொண்டு இருந்தா."

ஹெக்டர் அவளையே பார்த்தான். கோபிக்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் சிகரெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவேண்டிய பஸ் தூரத்தில் தெரிந்தது. மெற்றில்டா பெட்டியின் ஒரு கைபிடியைப் பிடித்தாள்.

"அம்மா வாசல்ல நிப்பா. வேலை என்ன மாதிரி எண்டு கேப்பா. என்ன சொல்லுறது?"

ஹெக்டர் மற்றக் கைபிடியைப் பிடித்துத் தூக்கினான்.

"ஆரின்ர வேலை?" என்றான். "உன்ரதோ, என்ரதோ?"